கிட்டார் பிக்கப் மாத்தப் போறேன்னு சொன்ன தம்பிக்கு

தம்பி,

உன் நீளமான மெசேஜ படிச்சேன். கிட்டார் சவுண்டு போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, அதனால ஹம்பக்கர் ரெண்டையும் (ஸ்ட்ரிங் அதிர்றத சிக்னலா மாத்துற பிக்கப்ல ரெட்டைக் காயில் வகை) தூக்கிட்டு புது செட் போடப் போறேன், கையோட அந்த பழைய ட்யூப் ஆம்ப்பையும் தொறந்து பாக்கப் போறேன், அப்புறம் ஒரு சின்ன சிந்த் (சிந்தசைசர்) வாங்கி அதுலயும் கை வைக்கணும்னு எழுதியிருக்க. மூணையும் ஒரே மூச்சுல எழுதிட்ட. கிட்டார்ல நீ என்ன சொதப்புனாலும் சத்தம் வராது, அவ்வளவுதான். ஆம்ப்ல சொதப்புனா ஆளே இருக்க மாட்ட. அதான் பதில தனியா அனுப்பாம இங்கயே எழுதுறேன், உன்ன மாதிரி ஸ்க்ரூடிரைவரோட உக்காந்திருக்கிற வேற யாருக்காச்சும் ஆகும்.

மொதல்ல, ஸ்ட்ரிங் எப்ப மாத்துன? உண்மைய சொல்லு. துரு புடிச்ச ஸ்ட்ரிங்குக்குக் கீழ எந்த பிக்கப்ப வெச்சாலும் அதே மந்தம்தான் வரும்.

ஸ்ட்ரிங் மாத்தியாச்சா, இப்ப பிக்கப்போட உயரத்த பாரு. ட்யூன் பண்ணிட்டு கடைசி ஃப்ரெட்டுல அழுத்திப் புடிச்சுக்க, ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் நடுவுல ஸ்கேல் வெச்சு அளந்து பாரு, சுமாரா 2 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு காதுக்கு ஏத்த மாதிரி போ. நெக் பிக்கப்புல (கழுத்துப் பக்கம் இருக்கிறது) தடிச்ச ஸ்ட்ரிங் பக்கம் மட்டும் அரை சுத்து, இன்னொரு அரை சுத்துன்னு கீழ எறக்கிட்டே வாசிச்சுப் பாத்தா அந்த கொழகொழன்னு இருக்கிற பேஸ் குறையிறது உனக்கே கேக்கும். ரொம்ப கிட்ட ஏத்துனா சத்தம் கூடும், நெஜம்தான், ஆனா காந்தம் ஸ்ட்ரிங்க புடிச்சு இழுக்கும், அதுவும் சிங்கிள் காயில்ல காந்தமே ஸ்ட்ரிங்குக்கு நேர் கீழ இருக்கிறதால மேல் ஃப்ரெட்டுங்கள்ல நோட்டு ட்யூன்ல நிக்காம அலையும். அத பாத்துட்டு ட்யூனர் சரியில்லன்னு ட்யூனர் செட் வாங்குறவங்களும் இருக்காங்க.

இன்னும் மந்தமா இருந்தா அடுத்த சந்தேகம் வால்யூம் பாட் மேல, அதான் வால்யூம் குமிழுக்குக் கீழ இருக்கிற ரெசிஸ்டர். பின்னாடி மூடிய கழட்டி பாட் மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாரு. ஹம்பக்கருக்கு வழக்கமா 500கே (கிலோ ஓம்), சிங்கிள் காயிலுக்கு 250கே. பாட்டோட மதிப்பு குறைய குறைய பிக்கப் மேல லோடு ஜாஸ்தியாகி ட்ரெபிள் கிரவுண்டுக்கு ஓடிடும், அதனால உன் ஹம்பக்கருக்கு 250கே போட்டிருந்தா குத்தவாளி அவன்தான், பிக்கப் பாவம் ஒண்ணும் பண்ணல. மல்ட்டிமீட்டர்ல அளக்கிறதா இருந்தா பிக்கப்புல இருந்து வர்ற வயர கழட்டிட்டு அள, இல்லன்னா பிக்கப்போட ரெசிஸ்டன்ஸும் சேந்து தப்பா காட்டும். வாங்கும்போது ஏ500கேன்னு போட்டிருக்கானா பாரு, பொதுவா 'ஏ'ன்னு இருந்தா லாக் (காதுக்கு சீரா கூடுற வகை), 'பி'ன்னு இருந்தா லீனியர்.

கேபிள யாரும் கண்டுக்கவே மாட்டாங்க. சாதாரண கிட்டார் கேபிள் மீட்டருக்கு சுமாரா 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் வெச்சிருக்கும், அப்போ 6 மீட்டர் கேபிள்னா உன் கிட்டார்ல இருந்து ஆம்ப்புக்கு போற வழியில ஒரு 600 பிகோஃபாரட் கெப்பாசிட்டர நீயே மாட்டி வெச்சிருக்கன்னு அர்த்தம், அது ட்ரெபிள தின்னும். 3 மீட்டர் கேபிள யார்கிட்டயாச்சும் வாங்கி மாட்டிப் பாரு. வீட்டுல உக்காந்து வாசிக்கிறவனுக்கு 6 மீட்டர் எதுக்குடா?

இவ்வளவும் பண்ணி, அப்பவும் புடிக்கலன்னா தாராளமா பிக்கப் மாத்து, நானே கூட இருந்து சால்டர் பண்ணித் தர்றேன். நீயே பண்ணா வயர வெட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடு, கிட்டார் பாடி மேல பழைய துணி விரி, சால்டர் துளி விழுந்தா பெயின்ட் போச்சு. பாட் முதுகுல கிரவுண்ட் வயர ஒட்டுறதுதான் புதுசா பண்றவங்க எல்லாரும் திணர்ற இடம். அது பெரிய உலோகம், சூட்ட உறிஞ்சிடும், அதனால மொதல்ல உப்புத்தாள் வெச்சு லேசா தேச்சு, அயர்ன் டிப்ப அங்க வெச்சு பாட்ட சூடாக்கி, அந்த சூட்டுல சால்டர் தானா பரவுற வரைக்கும் பொறுத்துக்கணும். அயர்ன்லயே சால்டர உருக்கி மேல சொட்டு விட்டா பாக்க குண்டா உருண்டையா இருக்கும், ஒரு வாரத்துல பிச்சுக்கிட்டு வரும். எல்லாம் முடிஞ்சதும் ஸ்ட்ரிங்க தொட்டுப் பாரு, இரைச்சல் குறைஞ்சா நல்லது. தொட்டா கூடுதுன்னா ஜாக்ல ரெண்டு வயரும் இடம் மாறியிருக்கான்னு மொதல்ல பாரு.

மாத்துறதே தப்புன்னு சொல்ற ஆளு நான் இல்ல. ஃபெண்டரோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 1954ல வந்தப்போ அதுல பிக்கப்ப தேர்ந்தெடுக்க மூணு பொசிஷன் ஸ்விட்ச்தான், வாசிக்கிறவங்கதான் ஸ்விட்ச்ச ரெண்டு பொசிஷனுக்கு நடுவுல நிக்க வெச்சு ரெண்டு பிக்கப்பையும் சேத்து அந்த மணி மாதிரியான சத்தத்த எடுத்தாங்க, கம்பெனி அஞ்சு பொசிஷன் ஸ்விட்ச் போட 1977 ஆச்சு. க்வீன் பேண்டோட கிட்டாரிஸ்ட் பிரையன் மே 1963ல அப்பாவோட சேந்து கிட்டாரையே வீட்டுல செய்ய ஆரம்பிச்சாரு, கழுத்துக்கு பழைய கணப்பு அடுப்போட மரச்சட்டம், ட்ரெமலோவுக்கு (ஸ்ட்ரிங்க ஆட்டி சுதி மாத்துற கைப்பிடி) மோட்டார் சைக்கிள் வால்வ் ஸ்ப்ரிங். அந்த கிட்டாரோடதான் பல பத்து வருஷமா மேடை ஏறுனாரு.

இப்ப ஆம்ப். சேஸிஸ, அதான் சர்க்யூட் இருக்கிற உலோகப் பெட்டிய, தொறக்காத. ப்ளக்க புடுங்கிட்டா கரண்ட் போச்சுன்னு நெனைக்கிற பாரு, அங்கதான் ஆபத்து. ட்யூப் ஆம்ப்புக்குள்ள 300, 400 வோல்ட் டிசி ஓடும், ஃபில்டர் கெப்பாசிட்டருங்க ப்ளக்க எடுத்த பின்னாடியும் அத புடிச்சு வெச்சிருக்கும். சில ஆம்ப்புல அத வடிக்க ரெசிஸ்டர் இருக்கும், ஆனா அது வேலை செய்யுதான்னு மீட்டர் வெச்சு அளக்காம நம்பக் கூடாது, அத அளக்கத் தெரிஞ்சவன் பக்கத்துல இல்லாம நீ அதுல கை வைக்கக் கூடாது. இதுல என்கிட்ட வாதாடாத.

கை அரிக்குதுன்னா சேஸிஸுக்கு வெளியவே வேலை இருக்கு. பின்பக்கம் தொறந்த காம்போதான (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டில) உன்னோடது? ஆஃப் பண்ணி, ட்யூப் ஆறுற வரைக்கும் விட்டுட்டு, மொத ப்ரீஆம்ப் ட்யூபான 12ஏஎக்ஸ்7ஐ எடுத்துட்டு 12ஏடி7 போட்டுப் பாரு. மொதல்லதுக்கு கெயின் ஃபேக்டர் 100, ரெண்டாவதுக்கு 60. லேசா வால்யூம் வெச்சதுமே கரகரன்னு உடையிற ஆம்ப் கொஞ்சம் சாந்தமாயிடும். அதுக்கும் மேல ஸ்பீக்கர். ஒரு ஸ்பீக்கர மாத்துனா வர்ற வித்தியாசம் மூணு பிக்கப் செட் மாத்துனாலும் வராதுன்னுதான் சொல்லுவேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம். ஓம் அளவு மட்டும் ஆம்ப்போட பொருந்தணும். ஸ்பீக்கர் மாட்டாம ட்யூப் ஆம்ப்ப ஆன் பண்ணி வாசிச்சா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரே போயிடலாம், பாத்துக்க.

சிந்த் பத்தி சுருக்கமா. பேட்டரில ஓடுறதா பாத்து வாங்கு, அடாப்டர மாட்டாம பேட்டரிலயே வெச்சு நோண்டு. கோர்க் 2010ல விட்ட மோனோட்ரான் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், போர்டு மேலயே எந்த பாயின்ட் எதுக்குன்னு பேரு போட்டிருக்கும், சர்க்யூட் படத்தையும் கம்பெனியே வெளிய விட்டுச்சு. பழைய யமஹா டிஎக்ஸ்7 மாதிரி எதாச்சும் கெடைச்சுதுன்னா அதோட மெமரி பேட்டரிய மாத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற சவுண்டையெல்லாம் மிடி வழியா கம்ப்யூட்டர்ல எடுத்து வெச்சுக்க, பேட்டரி போனா அதுல சேவ் பண்ணதும் போயிடும்.

கழட்டுன பழைய பாட், பழைய ட்யூப் எதையும் தூக்கிப் போடாத, கவர்ல போட்டு மேல எழுதி வை. அப்புறம் அந்த காம்போ ஸ்பீக்கர் பின்னாடி எத்தனை ஓம்னு போட்டிருக்குன்னு பாத்து படம் எடுத்து அனுப்பு. ஃப்ளாஷ் போட்டு எடு, போன தடவை அனுப்புனதுல உன் கட்டைவிரல் மட்டும்தான் தெரிஞ்சுது.

அண்ணன்