வந்து சேர்ந்த படகு

கல்லடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. கோபித்திருப்பாய். கோபி, ஆனால் இதை முழுக்கப் படி. வீட்டில் எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும். கணக்கு சேர் இன்னமும் உன்னைத்தான் விசாரிக்கிறார். அந்தக் கொய்யா மரத்தை மனுசன் மறக்கவேயில்லை.

விஷயம் இதுதான். கரையோரத் தொழிலை விட்டு ஆழ்கடலுக்குப் போவோம் என்று சங்கத்தில் இரண்டு வருடமாகக் கத்தினேன், உனக்குத் தெரியும். கடன் எடுத்துப் பெரிய படகும் வாங்கினோம். போன மாதம் மூன்று பொடியன்கள் போனார்கள். நடுக்கடலில் என்ஜின் நின்றுவிட்டது. ஒரு இரவும் ஒரு பகலும் மிதந்தவர்களை வாழைச்சேனைப் படகொன்று கண்டு, கட்டி இழுத்து வந்தது. கரையில் பட்டாசு. நானும் கோயிலில் தேங்காய் உடைத்தேன். மறுகா ரேடியோவைப் பார்க்கப் படகில் ஏறினேன். பற்றரி முனையில் பச்சை பூத்துக் கிடந்தது. தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது. 'எல்லாம் சரி' என்று கையெழுத்து வைத்த செயலாளர் நான்தான், மச்சான். பார்க்காமலே வைத்தேன்.

கூட்டத்தில் இதை எடுத்தால், "அதுதான் வந்திட்டாங்களே, இனி ஏன் கிளறுவான்?" என்கிறார்கள்.

அன்றிலிருந்து ஹேர்மிஸ் ஞாபகம்தான். 1942 ஏப்ரல் 9, தன் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டுத் திருகோணமலையிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். அது மூழ்கியதில் 307 பேர் செத்தார்கள். இன்றும் நம் கடலில் 50 மீற்றருக்குக் கீழே கிடக்கிறது. நாம் எப்போதும் மூழ்கியவர்களைப் பற்றியே பேசினோம். நான் இப்போது யோசிப்பது மூழ்கடித்த ஜப்பான் தளபதி நகுமோவைப் பற்றி. அதற்கு நாலு நாள் முன்பு, கொழும்பை இரண்டாம் தரம் தாக்க விமானங்களில் தரைக்கான குண்டு மாற்றும்போதே பிரிட்டிஷ் கப்பல்கள் தெரிய, கப்பலைத் தாக்கும் ஆயுதத்துக்குத் திரும்பவும் மாற்றச் சொல்லி நேரம் போனது. 9ஆம் தேதி ஒன்பது பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டு விமானங்கள் யார் கண்ணிலும் படாமல் தலைக்கு மேலே வந்து, அவருடைய அகாகி கப்பலுக்குப் பக்கத்தில் குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை. வெற்றியோடு வீடு திரும்பினார்கள். அந்த இரண்டையும் யாரும் கிளறவில்லை.

ஜூன் 4, பசிபிக் கடலில் அமெரிக்கர்களோடு மிட்வே சண்டை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே குண்டு மாற்றம், அதேபோல் மேலேயிருந்து வந்த விமானங்கள். அகாகியோடு சேர்த்து நகுமோவின் நாலு விமானந்தாங்கிகள் போயின. அதில் மூன்று நம் கடலுக்கு வந்து போனவை.

தோற்றவனிடம் ஏன் தோற்றாய் என்று ஊரே கேட்கும். தப்பினவனிடம் எப்படித் தப்பினாய் என்று யார் கேட்கிறார்கள்? எனக்கு இரவில் நித்திரை இல்லை. அந்த மூன்று பேரில் கடைசிப் பொடியனுக்குப் பத்தொன்பது வயது. அவனுடைய தாய் சந்தையில் என்னைக் கண்டு கையைப் பிடித்து நன்றி சொன்னாள். எதற்கு நன்றி?

புதுப் படகு வேண்டாம் என்பவர்களுக்கு இது வாய்ப்பாகிவிடும், பேசாமல் இரு என்று உன் சின்னத்தான் சொல்கிறார். நான் கேட்கப் போவதில்லை. ஆழ்கடலுக்குப் போகத்தான் வேண்டும். அதனால்தான் அடுத்த ஞாயிறு கூட்டத்தில் என் கையெழுத்தில் தொடங்கி எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதப் போகிறேன். பதவி போனால் போகட்டும்.

நீ கப்பலில் இருந்தபோது புறப்படும் முன் ஒவ்வொன்றாகப் பார்க்கும் பட்டியல் ஒன்று இருந்ததே? ஞாபகத்தில் உள்ளதை எழுதி ஞாயிறுக்கு முன் அனுப்பு. ரேடியோவை முதலில் போடு.

அன்புடன்,
உன் மச்சான்