போற பையனை திட்டாதீங்க, ஆனா எங்க வயித்தெரிச்சல்லயும் நியாயம் இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

2025 நவம்பர்ல ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு குடுத்துட்டு சஞ்சு சாம்சனை சிஎஸ்கே வாங்கினப்ப நம்ம ஊர் ரசிகர்கள் எவ்வளவு மனசு ஒடஞ்சு போனாங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த வலி எனக்கு நல்லா தெரியும், ஏன்னா நான் உசுரா ஃபாலோ பண்ற டீம்ல இது வருஷா வருஷம் நடக்குது, அதுவும் ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, பாதி டீமே காலியாகுது. ஒரே வித்தியாசம் என்னன்னா ஜடேஜா போனதுக்கு சென்னைக்கு பதிலா ஒரு சாம்சன் வந்தாரு, எங்களுக்கு பதிலுக்கு ஒரு ஆளும் வர்றதில்ல, ஒரு டாலரும் வர்றதில்ல. இதை பத்தி தமிழ் பேப்பர்ல யாராவது எழுதுவாங்களான்னு பாத்துட்டே இருந்தேன், சரி நாமளே எழுதிருவோம்னு எழுதுறேன்.

நான் சொல்றது அமெரிக்க காலேஜ் ஃபுட்பால். நம்ம கால்ல உதைக்கிற ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் போட்டுட்டு முட்டை மாதிரி இருக்குற பந்தை கையில தூக்கிட்டு ஓடுவாங்களே அது. என் டீம் வாஷிங்டன் ஸ்டேட் யூனிவர்சிட்டி. வாஷிங்டன் மாநிலத்தோட கிழக்கு கோடியில புல்மேன்னு ஒரு சின்ன ஊர், சுத்தி எங்க பாத்தாலும் மேடும் பள்ளமுமா கோதுமை வயல், சியாட்டில்ல இருந்து கார்ல அஞ்சு மணி நேரம் ஆகும். ஊர் ஜனத்தொகையும் ஸ்டேடியத்துல இருக்குற சீட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ரெண்டும் முப்பதாயிரத்து சொச்சம், மேட்ச் அன்னைக்கு ஊரே ஸ்டேடியத்துல உக்காரலாம். நான் மாஸ்டர்ஸ் படிச்சது அங்கதான், இப்ப வேலை சியாட்டில் பக்கம். அங்க படிச்சவங்க யாரும் அந்த டீமை விட்டு வெளிய வர்றதில்ல, நானும் வரல.

இப்ப ஜான் மட்டீர் கதைக்கு வர்றேன். டெக்ஸாஸ் பையன், குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறியறது, ஓடுறது, ஆட்டத்தை நடத்துறது எல்லாமே அவர்தான். 2022ல புல்மேனுக்கு வந்தாரு. வந்ததும் ஆட விடல, கேம் வார்ட் முன்னாடி நின்னுட்டு இருந்தாரு, அதனால ரெண்டு வருஷம் பெஞ்சுல உக்காந்தாரு. முணுமுணுக்கல, வேற ஸ்கூல் (அங்க காலேஜையும் ஸ்கூல்னுதான் சொல்வாங்க) தேடி போகல. 2024ல சான்ஸ் கெடச்சுது, அந்த சீசனை பாத்தவங்க மறக்க மாட்டாங்க. சான் ஹோசே ஸ்டேட் கூட ரெண்டு ஓவர்டைம் போயி 54-52ன்னு ஜெயிச்ச மேட்ச், அதுக்கு முந்தின வாரம் சியாட்டில்ல ஆப்பிள் கப், பரம எதிரி வாஷிங்டன் ஹஸ்கீஸை (சியாட்டில்ல இருக்குற இன்னொரு யூனிவர்சிட்டியோட டீம்) 24-19ன்னு அடிச்சோம், கடைசியில அவங்களை கோல் லைன்ல ஒரு கஜத்துல நிறுத்தினோம். மட்டீர் எறிஞ்சு 29 டச்டவுன் (எதிராளியோட கோட்டை தாண்டி பந்தை சேக்குறது), தானே ஓடி 15, எதிராளி மேல விழுந்து புரண்டு எழுந்து மறுபடி ஓடுவாரு, தோளை குனிஞ்சு இடிக்கிறதுக்குன்னே ஓடுற மாதிரி இருக்கும். முதல் 9 மேட்ச்ல 8 ஜெயிச்சு நாட்டோட டாப் 20 ரேங்கிங்ல வந்து நின்னோம். கடைசி மூணு மேட்ச் வரிசையா தோத்தோம், அது வேற கதை, அதுக்காக யாரும் அவரை குறை சொல்லல. அடுத்த வருஷமும் இந்த பையன் இருப்பான், இன்னும் முதிர்ச்சியா ஆடுவான்னுதான் எல்லாரும் பேசிட்டு இருந்தோம்.

டிசம்பர் பொறந்துச்சு. முதல்ல அஃபென்ஸ் கோச் பென் ஆர்பக்கிள் ஒக்லஹோமாவுக்கு போனாரு. அப்புறம் மட்டீர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல, அதாவது வேற காலேஜுக்கு மாற நெனைக்கிறவங்க பதிவு பண்ற லிஸ்ட்ல, பேர் குடுத்தாரு, அவரும் ஒக்லஹோமா. அதே வாரம் ஹெட் கோச் ஜேக் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்ட்டுக்கு கெளம்பிட்டாரு. எல்லாம் மூணு வாரத்துக்குள்ள. பின்னாலேயே வேஷான் பார்க்கர், முதல் வருஷ பையன், மட்டீருக்கு அடுத்து டீமுக்கு அதிகமா ஓடினது அவர்தான், யூட்டாவுக்கு போயிட்டாரு. டிஃபென்ஸ்ல தூணா நின்ன தாரிக் அல்-உக்தா போனது எங்கன்னு கேளுங்க, ஹஸ்கீஸுக்கு! செப்டம்பர்ல யாரை எதிர்த்து நின்னாரோ அங்கயே. இவ்வளவும் நடந்த பிறகு டிசம்பர் 27ல சான் டியாகோவுல ஹாலிடே பவுல்னு ஒரு பெரிய மேட்ச் ஆட வேண்டி இருந்துச்சு, நிரந்தர ஹெட் கோச் இல்ல, குவார்ட்டர்பேக் இல்ல, சிராக்யூஸ் கிட்ட 35-52ன்னு தோத்தோம். இருந்த பசங்க உயிரை குடுத்து ஆடினாங்க, அதை சொல்லியே ஆகணும். ஆனா அந்த மேட்ச்சுக்கு டிக்கெட்டும் ஃபிளைட்டும் முன்னாடியே போட்டு வச்சிருந்த குடும்பங்களை நெனச்சு பாருங்க, அவங்க யாரை பாக்க போனாங்களோ அவங்கள்ல பாதி பேர் களத்துலயே இல்ல.

சீசன் முடியறதுக்குள்ள கடையை தெறந்து வச்ச இந்த கிறுக்குத்தனம்தான் எனக்கு மொதல் கோவம். இப்ப கொஞ்சம் மாத்தி இருக்காங்க, 2026லேருந்து ஜனவரி 2 முதல் 16 வரைக்கும் ஒரே விண்டோ, அதாவது போர்ட்டல்ல பேர் குடுக்குற காலம், ஏப்ரல்ல இருந்த ரெண்டாவது விண்டோவை எடுத்துட்டாங்க. நல்ல விஷயம். ஆனா கோச் போயிட்டா அதுக்குன்னு தனி விண்டோ இன்னும் இருக்கு, எங்க ஊர்ல கோச் நிக்கிறதே இல்லையே.

இங்க ஒண்ணு சொல்லணும், இதை எங்க ஆளுங்க நெறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க. மட்டீர் மேல எனக்கு கோவம் இல்ல. அவர் போன அன்னைக்கு எங்க ரசிகர்கள் அந்த பையனை துரோகின்னாங்க, காசுக்கு வித்துட்டான்னாங்க, அவங்க அம்மா அப்பாவை கூட விடல, படிக்கவே கஷ்டமா இருந்துச்சு. இருபது வயசை ஒட்டின பையன். தன்னை வளத்த கோச் போறாரு, ஹெட் கோச்சும் நிப்பாரான்னு தெரியல, ஆடுற லீக்கே ஒடஞ்சு போச்சு (அந்த கதை பின்னாடி வருது), அந்த பக்கம் ஒக்லஹோமா மாதிரி ஒரு பெரிய இடம் பணமும் குடுத்து பெரிய மேடையும் குடுக்குது. ஒரு மேட்ச்ல முட்டி போச்சுன்னா வாழ்க்கையே மாறிடும்ங்கிற வெளையாட்டு இது. என் தம்பியா இருந்தா நான் போடான்னுதான் சொல்லி இருப்பேன். போனாரு, 2025ல நடுவுல கையில ஆபரேஷன் ஆகியும் திரும்பி வந்து ஒக்லஹோமாவை பிளேஆஃப் வரைக்கும் கொண்டு போனாரு, சந்தோஷம்.

அதுக்கு முன்னாடி போன கேம் வார்ட் கதையும் அப்படித்தான். ஹைஸ்கூல்ல அவரை எவனும் சீண்டல, சான் ஆன்டோனியோவுல இன்கார்னேட் வேர்டுன்னு ஒரு சின்ன காலேஜ் எடுத்துச்சு, அங்கேருந்து எங்க கிட்ட ரெண்டு வருஷம், அப்புறம் மயாமி, 2025 டிராஃப்ட்ல, அதாவது என்எஃப்எல்ங்கிற தொழில்முறை லீக் டீம்கள் காலேஜ் ஆட்டக்காரங்களை எடுக்குற தேர்வுல, முதல் ஆளா டென்னஸி டைட்டன்ஸ் எடுத்தாங்க. டிவியில அவர் பேர் வந்தப்ப எல்லாரும் மயாமி மயாமின்னாங்க. அடுத்தவங்க பாக்காதப்ப அவரை பாத்தது இன்கார்னேட் வேர்ட், பெரிய டீம்களுக்கு எதிரா ஆட கத்துக்கிட்டது புல்மேன்ல. இதுக்கு ரெண்டு ஸ்கூலுக்கும் ஒரு காசு கிடையாது. நாங்களும் சின்ன ஸ்கூல்கள் கிட்டேருந்து இப்படித்தான் எடுக்குறோம், அதையும் மறைக்க கூடாது. 2018ல எங்க வரலாத்துலயே அதிகமா 11 மேட்ச் ஜெயிச்சு குடுத்த கார்ட்னர் மின்ஷ்யூ ஈஸ்ட் கரோலினாவுல இருந்து கடைசி ஒரு வருஷத்துக்குன்னு வந்தவர்தான். டிக்கர்ட் போன பிறகு வந்த ஜிம்மி ராஜர்ஸ், தான் இருந்த சவுத் டகோட்டா ஸ்டேட் பசங்களையே கூட்டமா கூட்டிட்டு வந்தாரு. அந்த ஊர் ரசிகருக்கு நாங்கதான் வில்லன். அதனால டிரான்ஸ்ஃபரையே ஒழிக்கணும்னு நான் கேக்கல, பழைய மாதிரி மாறினா ஒரு வருஷம் சும்மா உக்காரணும்ங்கிற ரூலும் வேண்டாம், கோச் நெனச்ச அன்னைக்கு கெளம்பலாம் பையன் மட்டும் தண்டனை அனுபவிக்கணும்ங்கிறது அநியாயம், 2021ல அதை எடுத்தது சரி.

அப்ப யாரை திட்டணும்? மொதல்ல விட்டுட்டு ஓடினது ஆட்டக்காரங்க இல்ல சார், யூனிவர்சிட்டிகள். இதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க. பேக்-12னு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்குற லீக். 2022 ஜூன்ல யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் டிவி பணத்துக்காக பிக் டென்ங்கிற இன்னொரு பெரிய லீக்குக்கு போறோம்னாங்க. 2023 ஜூலையில கொலராடோ. ஆகஸ்ட் 4ம் தேதி ஒரே நாள்ல அஞ்சு ஸ்கூல், அதுல எங்க பக்கத்து வீட்டு வாஷிங்டனும் ஒண்ணு. அப்புறம் ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி, பசிபிக் கடலோரத்துல இருந்துட்டு அட்லாண்டிக் கரை லீக்ல சேந்தாங்க. பன்னெண்டுல பத்து போச்சு, மிஞ்சினது நாங்களும் ஆரிகன் ஸ்டேட்டும். பிக் டென்னுக்கு டிவி கம்பெனிங்க குடுக்குறது 7 வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல. எங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல. 2025 ஜூன்ல கோர்ட்டு தீர்வு வந்து ஸ்கூல்களே ஆட்டக்காரங்களுக்கு நேரா பணம் குடுக்கலாம்னு ஆச்சு, ஒரு ஸ்கூலுக்கு வருஷத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். பசங்களுக்கு பணம் போறது நூத்துக்கு நூறு நியாயம், அவங்க உழைப்புலதானே இத்தனை பேர் சம்பாதிக்கிறாங்க. ஆனா டிவி பணம் வர்ற இடத்துல அந்த உச்சவரம்பை தொட்டுருவாங்க, எங்க ஸ்கூலால நெனச்சும் பாக்க முடியாது. அதே மாசம் எங்க யூனிவர்சிட்டி தடகளத்துல தாண்டுறது எறியறது எல்லாத்தையும் நிறுத்தி, ஸ்பிரிண்ட்டையும் சுருக்கி, தூர ஓட்டத்தை மட்டும் மெயினா வச்சுக்கிட்டாங்க. ஃபுட்பால்ல பெரியவங்க லீக் மாறினதுக்கு விலை குடுத்தது ஈட்டி எறியற ஒரு பொண்ணு.

ராஜர்ஸ் வந்து ஒரே வருஷம். 2025ல ஓல் மிஸ் மாதிரி பெரிய டீம் கூட அவங்க ஊர்லயே 21-24 வரைக்கும் கொண்டு வந்து விட்டாரு, அட நல்லா இருக்கேன்னு நெனைக்கிறதுக்குள்ள டிசம்பர்ல அயோவா ஸ்டேட்டுக்கு போயாச்சு. மறுபடி புது கோச், மறுபடி புது முகங்க.

ரசிகனுக்கு என்ன போச்சுன்னு கேக்குறவங்களுக்கு ஒரே ஒரு பேர் சொல்றேன், லூக் ஃபாக். 2013ல ஸ்காலர்ஷிப் கூட இல்லாம டீம்ல வந்து சேந்த பையன். ஒரு வருஷம் வெளிய நின்னு, அடுத்த வருஷம் இன்னொருத்தருக்கு அடிபட்டதால உள்ள வந்து, தப்பு பண்ணி, திட்டு வாங்கி, 2017ல படிப்பை முடிச்சுட்டு போறப்ப பேக்-12 லீக் வரலாத்துலயே அதிக கஜம் எறிஞ்ச ஆளா போனாரு. அந்த அஞ்சு வருஷமும் நாங்க கூடவே இருந்து பாத்தோம். காலேஜ் வெளையாட்டுல எங்களுக்கு கெடச்ச இன்பமே அதுதான், என்எஃப்எல் அளவுக்கு தரமான ஆட்டம் புல்மேன்ல கெடைக்கும்னு யாரும் வர்றதில்ல, நம்ம பையன் வளர்றதை பாக்க வர்றாங்க. இப்ப எம் பொண்ணு ஒரு ஆட்டக்காரர் பேர் போட்ட ஜெர்சி கேட்டா வாங்கி குடுக்க யோசனையா இருக்கு, அடுத்த ஆகஸ்ட்ல அந்த ஆள் எந்த கலர் போட்டுட்டு நிப்பாருன்னு தெரியாது. இதுக்கு நடுவுல பசங்களை தக்க வைக்க நன்கொடை குடுங்கன்னு மெயில் வேற வருது. குடுக்குறோம். யாருக்கு குடுத்தோமோ அவரே போர்ட்டல்ல இருக்காரு.

நான் கேக்குறது ரெண்டே விஷயம். ஒண்ணு, பசங்களோட ஒழுங்கா ரெண்டு மூணு வருஷ ஒப்பந்தம் போடுங்க, அவங்களுக்கும் வக்கீல், ஏஜென்ட் வச்சு, அடிபட்டாலும் பணம் நிக்காதுன்னு எழுதி, கோச் போனா பையனும் போகலாம்னு ஒரு ஷரத்து வச்சு. அப்ப ரெண்டு பக்கமும் ஒரு கட்டுப்பாடு இருக்கும். ரெண்டாவது, ஒப்பந்தம் இருக்கும்போதே ஒரு பெரிய ஸ்கூல் வந்து தூக்கிட்டு போனா, வளத்த ஸ்கூலுக்கு பணம் குடுக்கணும். இது ஒண்ணும் புது யோசனை இல்ல, உலக ஃபுட்பால்ல ஃபிஃபா பல வருஷமா பண்றதுதான், ஆட்டக்காரரை ஒரு கிளப் காசு குடுத்து வாங்கினா அதுல 5 சதவீதம் 12 வயசுல இருந்து 23 வரைக்கும் அவரை வளத்த கிளப்களுக்கு பிரிஞ்சு போகும். அதே மாதிரி மட்டீர் போறப்ப புல்மேனுக்கு ஏதாவது வந்திருந்தா, வார்ட் போறப்ப இன்கார்னேட் வேர்டுக்கும் ஒரு பங்கு போயிருந்தா, இந்த அளவுக்கு வயிறு எரிஞ்சிருக்காது, அந்த பணத்துல இன்னொரு பையனை வளத்திருக்கலாம், தடகளத்தை காப்பாத்தி இருக்கலாம். பையனோட சம்பளத்துல ஒரு பைசா கொறைக்க கூடாது, வாங்குறவன் பாக்கெட்ல இருந்து வரணும், அதுல நான் கறாரா இருக்கேன்.

2026 ஜூலையில பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் எல்லாம் சேந்து பேக்-12 மறுபடி எழுந்து நிக்குது. செப்டம்பர்ல நானும் குடும்பத்தோட புல்மேன் போவேன். அதுக்கு முன்னாடி டீம் லிஸ்ட்டை எடுத்து வச்சு யார் யார் எந்த ஊர் பசங்கன்னு எம் பொண்ணுக்கு மொதல்லேருந்து சொல்லி குடுக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாஷிங்டன் ஸ்டேட் பழைய மாணவன்,
பாத்தெல், வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா