பத்து நிமிடம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கத்தில் இத்தாலியின் மிலான் நகரத்தில் கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெருவான கலேரியாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "மேலே கூரை போட்ட பழைய ஷாப்பிங் மால், அவ்வளவுதான். தரையில் பதித்த காளைப் படத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பலாம், பத்து நிமிடம் போதும்" என்கிறார் கட்டுரையாளர். அந்த வரி இன்னும் மனசை அறுத்துக்கொண்டிருக்கிறது.

விட்டோரியோ இமானுவேலே கலேரியாவின் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 1865-ல் அரசரே வந்து அடிக்கல் நாட்டினார். 1867 செப்டம்பரில் திறந்தே விட்டார்கள். இரும்பும் கண்ணாடியுமாக அவ்வளவு பெரிய கூரையை அந்தக் காலத்தில் அத்தனை வேகத்தில் எழுப்பியிருக்கிறார்கள்! பேராலயச் சதுக்கத்தைப் பார்த்த நுழைவு வளைவு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. அதை மேற்பார்க்க ஏறிய ஜுசெப்பே மெங்கோனி 1877 டிசம்பர் 30 அன்று மேலிருந்து விழுந்து இறந்தார். கலேரியாவை வடிவமைத்தவரே அவர்தான். நான் கட்டட வேலையில் சாரம் ஏறி இறங்கியே குடும்பம் நடத்தியவன். அந்த வளைவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கால் கூசியது. தங்கள் கட்டுரையில் அந்த மனிதரின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. கைப்பைகளின் விலை மட்டும் யூரோவிலும் ரூபாயிலும் இருக்கிறது.

சரி, எழுத்துதான் அப்படி என்றால் படம்? அது மிலானே இல்லை, ஐயா. தரையில் ராசி மண்டலச் சின்னங்கள் தெரிகின்றனவே, அது நேப்பிள்ஸ் நகரத்து உம்பெர்தோ கலேரியா. 1884 காலராவுக்குப் பிறகு நெருக்கடியான குடியிருப்புகளை இடித்து, ஊரைத் திருத்தியபோது எழுந்தது; 1890-ல் திறந்தது. மிலானில் குவிமாடத்துக்குக் கீழே இருப்பவை நகரச் சின்னங்கள். ஒன்றுபட்ட இத்தாலிக்கு அடுத்தடுத்துத் தலைநகரங்களாக இருந்த டூரினின் காளை, ஃபுளோரன்சின் லில்லி, ரோமின் ஓநாய், கூடவே மிலானின் சிவப்புச் சிலுவை. பக்கம் அச்சுக்குப் போகுமுன் படத்தை ஒருவராவது உற்றுப் பார்த்திருக்கலாம்.

அப்புறம் அந்தக் காளை. அதன் விதைப்பையில் வலது குதிகாலை ஊன்றிச் சுற்றினால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை. மகள் அங்கே வேலையில் இருந்ததால் கூட்டம் சேருமுன் விடிகாலையில் போய்ப் பார்க்க வாய்த்தது. நகக்கண் அளவுக் கற்களைச் சேர்த்து இழைத்த மொசைக் அது. குதிகால் படுகிற இடத்தில் மட்டும் கற்கள் பெயர்ந்து குழி விழுந்திருந்தது. ஓரத்துக் கற்களை விரலால் தொட்டேன், ஆடின. கோயில் தூணில் யாராவது சாவியால் பெயர் கீறினால் நமக்கு எப்படி வலிக்கும்? தங்கள் கட்டுரையோ போகிறவர்களை எல்லாம் சுற்றச் சொல்கிறது.

1943 குண்டுவீச்சில் இந்தக் கண்ணாடிக் கூரை நொறுங்கிப்போனது. போர் முடிந்ததும் அந்த ஊர்க்காரர்கள் பாடுபட்டு மீட்டெடுத்தார்கள். வெறும் கடைத்தெருவுக்காக யாரும் அப்படிப் பாடுபடுவார்களா? மழை பிடித்துக்கொண்டால் எதையும் வாங்காதவர்கள்கூட அங்கே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் அவர்களோடு ஒதுங்கி நின்றிருக்கிறேன்.

பயணப் பக்கத்தில் எனக்கு வெகு நாளாகவே வருத்தம் உண்டு. ஃபுளோரன்ஸ் கட்டுரையில் தோல் பெல்ட்டுக்கு அரைப் பக்கம் கொடுத்தீர்கள், பேராலயக் குவிமாடத்தை எழுப்பிய புருனெல்லெஸ்கிக்கு ஒரு வரி இல்லை. வெனிஸ் கட்டுரை முழுக்கப் படகுக் கட்டணம். அப்போதும் எழுதினேன். பதிலும் இல்லை, பிரசுரமும் இல்லை. பல ஆண்டுகளாகச் சந்தா கட்டுகிற வாசகனுக்கு ஒரு அஞ்சலட்டை போட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், படத்தில் இருப்பது நேப்பிள்ஸ் என்று திருத்தம் போடுங்கள். மிலான் கலேரியாவை வடிவமைத்தவர் யார் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் என் வருத்தங்களை எல்லாம் வெட்டிக்கொள்ளலாம், மெங்கோனியின் பெயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
கும்பகோணம்.