ஞாயிறு களிமண் தட்டுத் துப்பாக்கிச் சுடுதல்: வருவோர் கவனத்துக்கு

வணக்கம் உறவுகளே. வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு இது. காலை 10 மணிக்குத் தொடக்கம். மைதானத்துக்கு இங்கிலாந்தின் 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 11(6) பிரிவு விலக்கு உண்டு. அதனால் உரிமம் இல்லாத வீட்டாரும் சுடலாம். சொந்தத் துப்பாக்கி கொண்டுவருவோர் உரிமத்தையும் எடுத்து வாருங்கள்.

12 போர் (bore, குழல் அளவு; எண் கூடினால் குழல் சிறியது) துப்பாக்கிக்கு 28 கிராம் குண்டுள்ள தோட்டா, இளையவர்களுக்கு 20 போரில் 21 கிராம். இரண்டையும் ஒரே பையில் போடவே வேண்டாம். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அதனால்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம்.

வேட்டை நண்பர்களே, பறவை கிளம்பியபின் வேகம் கூட்டும். தட்டு வேகம் இழந்துகொண்டே போகும். ஆனாலும் பெரும்பாலும் குறி தட்டுக்குப் பின்னால்தான் விழும், விசையை இழுக்கும்போது குழலை நிறுத்திவிடுவதால். சுட்ட பிறகும் குழல் ஓடட்டும், கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையைவிட்டு எழ வேண்டாம்.

காதடைப்பும் கண்ணாடியும் வேடிக்கை பார்ப்போருக்கும் கட்டாயம். சுடும் இடத்துக்கு வெளியே துப்பாக்கி மடித்துத் திறந்தே இருக்கட்டும்.