குளிரில் எரியாத ஹீட்டரை குளிர்கால அவசரத்துக்கென்று விற்றது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: உங்கள் ‘குளிர்கால அவசரத் தொகுப்பு’ – ஹீட்டர், கேஸ் கேன், ஸ்லீப்பிங் பேக் ஆகியவற்றில் உள்ள குறைகள், பெட்டியில் உள்ள தவறான படம் – பணத்தைத் திருப்பித் தரவும் மற்ற வாடிக்கையாளர்களை எச்சரிக்கவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். போன அக்டோபரில் உங்கள் நிறுவனத்தின் குளிர்கால அவசரத் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். ஒரு கேஸ் ஹீட்டர், எட்டு கேஸ் கேன்கள், நான்கு ஸ்லீப்பிங் பேக்குகள், கம்பளிச் சாக்ஸ், கையுறை எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் அடித்த பனிப்புயலில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கரண்ட் போனது. 246 பேர் இறந்ததாக அந்த மாநில அரசே பிறகு கணக்குச் சொன்னது. கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் வைத்துக் குளிர்காய்ந்து, அந்தப் புகையாலேயே செத்தவர்களும் அதில் உண்டு. அதைப் படித்ததிலிருந்தே, நம் வீட்டுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் கையில் சரியான பொருள் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பெட்டியை வாங்கி வைத்ததும் அந்தக் கவலை விட்டது. அப்படி நிம்மதியாக இருந்தது எவ்வளவு பெரிய தவறு என்பது ஜனவரியில் தெரிந்தது.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் தொடர்ந்து இரண்டு இரவும் ஒரு பகலும் கரண்ட் இல்லை. வெளியே மைனஸ் 9 டிகிரி. முதல் இரவு, சுவரில் மிச்சமிருந்த சூட்டில் எப்படியோ கழிந்தது. இரண்டாம் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குள் தெர்மாமீட்டர் 6 டிகிரி காட்டியது. நான், என் மனைவி, ஆறு வயது மகள், 71 வயதாகும் அம்மா, நால்வரும் ஒரே அறையில் கதவிடுக்கில் துணியைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சரி, இதற்காகத்தானே வாங்கினோம் என்று ஹீட்டரை எடுத்தேன்.

கேன்கள் வெளியே சாமான் அறையில் இருந்தன. வாழும் அறையில் வைக்கக் கூடாது என்று கேன் மேலேயே அச்சடித்திருக்கிறீர்கள், அதன்படி வைத்திருந்தேன். ஒன்றைப் பொருத்தி பட்டனை அழுத்தினேன். டக், டக், டக். பொறி வருகிறது, தீ வரவில்லை. ஏழாவது எட்டாவது தடவையில் விரல் நக அளவுக்கு ஒரு நீலச் சுடர் எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தது. கேனைக் கழற்றிக் காதருகில் வைத்து ஆட்டினேன். உள்ளே தளும்பும் சத்தம் நன்றாகக் கேட்டது. கேன் நிறைய கேஸ் இருக்கிறது, ஆனால் வெளியே வரவில்லை. அடுத்த கேன், அதற்கடுத்த கேன், மூன்றும் அப்படியே. “ஏம்ப்பா எரிய மாட்டேங்குது?” என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இப்போது இருக்கிறது. நீங்கள் கொடுத்த கேன்களில் இருப்பது பியூட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும் அளவில் அடிப்பக்கத்தில் எழுதியிருக்கிறது. பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில். அதற்குக் கீழே குளிர்ந்துவிட்டால் அது திரவமாகவே கிடக்கும், ஆவியாகி மேலே வருவதற்கு அழுத்தம் போதாது. புரொப்பேன் என்ற இன்னொரு கேஸ் என்றால் மைனஸ் 42 வரை ஆவியாகும். இது நான் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. கேஸ் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம், உங்கள் வடிவமைப்பாளர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. உறையும் குளிரில் வேலை செய்யாத கேஸை, உறையும் குளிருக்கென்றே ஒரு பெட்டியில் போட்டு விற்றிருக்கிறீர்கள். கோடையில் சமைக்க விற்றிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றிரவு உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தேன். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்த பிறகு ஒருவர் பேசினார். கேனை வெந்நீரில் போட்டு வையுங்கள் என்றார். கேனைச் சூடாக்கக் கூடாது, வெடிக்கும் என்று அதே கேனில் எச்சரிக்கை இருக்கிறது. இதைச் சொன்னதும், அப்படியென்றால் உடம்போடு வைத்துக் கதகதப்பாக்குங்கள் என்றார். வீட்டுக்குள் ஏற்றலாமா என்று கேட்டேன். “ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் சார்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார்.

இரண்டு கேன்களை ஜாக்கெட்டுக்குள் அரை மணி நேரம் வைத்திருந்தேன். பிறகு ஹீட்டரில் சுடர் பற்றியது. எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு கிட்டே நகர்ந்தோம். இருபது நிமிடம் ஆவதற்குள் சுடர் சிறுத்துக்கொண்டே வந்தது. கேனைத் தொட்டால் பனிக்கட்டியைத் தொட்டது போல இருந்தது, வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. திரவம் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் கேனிலிருந்தே எடுத்துக்கொள்ளும், அதனால் எரிய எரியக் கேன் இன்னும் குளிரும். இரண்டாவது கேனை மாட்டினேன். அது எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அம்மா தலை வலிக்கிறது என்றார்.

அப்புறம்தான் கையேட்டைக் கையில் எடுத்து முதலிலிருந்து படித்தேன். 14ஆம் பக்கத்தில், உத்தரவாத நிபந்தனைகளுக்குக் கீழே, ஒரே ஒரு வரி: ‘வெளிப்புறப் பயன்பாட்டுக்கு மட்டும்.’ உடனே அணைத்துவிட்டு ஜன்னல்களை முழுதாகத் திறந்தேன். அரும்பாடுபட்டு ஏறியிருந்த இரண்டு டிகிரியும் ஒரு நிமிடத்தில் போனது.

உங்கள் பெட்டியின் முன்பக்கத்தை எடுத்து ஒரு முறை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சோபா, கம்பளம், மூடிய ஜன்னல், அதற்கு வெளியே பனி. நடுவில் இந்த ஹீட்டர், அதன் பக்கத்தில் தவழும் குழந்தை. மூடிய அறையில் கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு போய் ஒட்டிக்கொள்கிறது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். வீட்டுக்குள் பயன்படுத்தவென்றே செய்யப்படும் ஹீட்டர்களில், அறையில் ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணைக்கும் சென்சார் இருக்கும். உங்களுடையதில் அது இல்லை. தொகுப்பில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இல்லை. நான் தனியாக வாங்கி மாட்டியிருந்த அலாரம் அன்று ஒலிக்கவில்லை என்பது உண்மைதான். அம்மாவின் தலைவலி குளிராலா, தூக்கம் கெட்டதாலா, இந்த ஹீட்டராலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அலாரம் இல்லாத வீட்டில் இதே படத்தை நம்பி இரவு முழுக்க ஏற்றி வைத்துத் தூங்குகிறவர்களை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஸ்லீப்பிங் பேக் விஷயம் வேறு மாதிரி. உறையின் மேல் பெரிய எழுத்தில் மைனஸ் 20 டிகிரி என்று போட்டிருக்கிறீர்கள். உள்ளே தையலோடு சேர்ந்த துண்டுச் சீட்டில் மூன்று எண்கள்: வசதியாகத் தூங்க 1 டிகிரி, கீழ் எல்லை மைனஸ் 4, உச்ச எல்லை மைனஸ் 20. அந்த உச்ச எல்லை என்பது தூங்குவதற்கான அளவே இல்லை. உடல் விறைத்துப்போகும் ஆபத்தோடு, உயிர் பிழைக்க மட்டும் உதவும் அளவு அது. வசதி அளவுகூட 25 வயதுப் பெண் ஒருவரை மாதிரியாக வைத்து, அடியில் விரிப்பு இருக்கிறது என்ற கணக்கில் வருவது. தொகுப்பில் விரிப்பு கிடையாது. அம்மா தரையில் மெத்தை போட்டுப் படுத்தும் விடியும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு பேக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து, மகளையும் அவரோடு படுக்க வைத்தோம். வாங்குகிறவர் கண்ணில் படும் எண் 1 டிகிரியாக இருந்திருந்தால் நான் இதை வாங்கியிருக்க மாட்டேன். அதனால்தான் அந்த எண்ணை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கம்பளிச் சாக்ஸும் கையுறையும் நன்றாகவே இருந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும்.

தொகுப்புக்கு நான் கொடுத்த முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். ஆனால் அதோடு இந்தப் புகாரை முடித்துவிடாதீர்கள். இதே தொகுப்பை வாங்கிய ஒவ்வொருவரின் மின்னஞ்சல் முகவரியும் உங்களிடம் இருக்கிறது. இந்த ஹீட்டரை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள், உறைநிலைக்குக் கீழே இந்தக் கேன்கள் வேலை செய்யாது என்ற இரண்டு செய்திகளை இந்த வாரமே அவர்களுக்கு அனுப்புங்கள். குளிர்காலம் இன்னும் முடியவில்லை. பெட்டியில் உள்ள படத்தை மாற்றுங்கள், 14ஆம் பக்கத்து வரியை முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், ஸ்லீப்பிங் பேக் உறையில் வசதி அளவைப் பெரிதாகப் போடுங்கள். உதவி எண்ணில் பேசுகிறவர்களுக்கு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும் என்று இனி யாருக்கும் சொல்லக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

தொலைபேசியில் பேசி முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடம் இதே ஆவணங்களைக் கொடுப்பேன். பில்லின் நகல், பெட்டியின் முன்பக்கம், கையேட்டின் 14ஆம் பக்கம், கேனின் அடிப்பக்கம், ஸ்லீப்பிங் பேக்கின் உள் சீட்டு ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். ஹீட்டரும் மீதமுள்ள ஆறு கேன்களும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. உங்கள் ஆள் யாராவது வந்து எடுத்துப் போகலாம். கேஸ் நிறைந்த கேன்களை நான் பார்சலில் போட்டு அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்