ஆச்சியின் கல்யாண ஆர்டர் கணக்கு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறோம். எங்கள் அப்பளக் கம்பெனியை ஆரம்பித்து நடத்திவந்த ஆச்சி போன மாதம் தவறிவிட்டார். வீட்டுக்கு வந்தவர்களுக்கும் வெளியூரிலிருந்து போன் பண்ணியவர்களுக்கும் நன்றி. நிறையப் பேர் ஒன்றையே கேட்டீர்கள்: ஆச்சி பெயரில் பிள்ளைகள் படிப்புக்கு ஏதாவது செய்யணும், நாங்களும் பணம் போடுகிறோம், யாரிடம் கொடுப்பது? எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

பணம் வேண்டாம். நாங்கள் பதிவு செய்த அறக்கட்டளை இல்லை, நன்கொடை ரசீது தர முடியாது. அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு வரும் கல்யாண ஆர்டர்களின் லாபத்தை ஆச்சி கடைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார். அதற்குத் தனி பாங்க் கணக்கு. உங்கள் வீட்டுப் பந்தியில் பொரித்துப் போட்ட அப்பளத்தின் லாபம், ஆழ்வார்குறிச்சியிலோ பாபநாசத்திலோ பாளையங்கோட்டையிலோ படித்த ஏதோ ஒரு பிள்ளையின் கட்டணமாகப் போயிருக்கிறது. உயிரோடு இருந்தவரை இதை வெளியே சொல்ல ஆச்சி விடவில்லை. ஆனால் இது உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அரசு உதவிதான் இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. இருக்கிறது, நல்ல உதவி. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் இன்ஜினியரிங்கில் கட்டணச் சலுகை உண்டு, ஸ்காலர்ஷிப்பும் உண்டு. ஆனால் மாதாமாதம் வருவதும் ஸ்காலர்ஷிப்பும் காலேஜில் சேர்ந்த பிறகு கைக்கு வருபவை. சேருகிற அன்றைக்கு வேண்டிய பணம், விடுதி முன்பணம், நர்சிங் பிள்ளைக்கு யூனிஃபார்ம், மெஸ் பில், இதற்கெல்லாம் யார் இருக்கிறார்கள்? ஆச்சி பிடித்துக்கொண்டது அந்த இடைவெளியைத்தான்.

அப்புறம் மழை. எங்களுக்கு அப்பளம் தேய்த்துத் தருகிற பெண்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இருக்காது, காயப்போட முடியாது, வேலை பாதியாகிவிடும், சரியாக அந்தச் சமயத்தில்தான் அவர்கள் பிள்ளைகளுக்கு செமஸ்டர் தேர்வுக் கட்டணமும் வந்து நிற்கும். மாவில் பிரண்டைச் சாறு விடுகிற பக்குவத்தைக் கவனிக்கிற அதே கவனத்தோடு ஆச்சி அந்தத் தேதிகளைக் குறித்து வைத்திருப்பார். அரியர் எழுதவும் கட்டணம் கட்டுவதா என்று வீட்டிலேயே ஒருமுறை பேச்சு வந்தது. பிள்ளை படிப்பை விட்டு நிற்பதே அந்த இடத்தில்தான், அங்கே கையை விட்டால் முன்னால் கட்டியதெல்லாம் வீண் என்று ஆச்சி ஒரே பேச்சில் முடித்துவிட்டார், கட்டவும் செய்தார். ஆனால் யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க மாட்டார், காலேஜ் கணக்கில் பிள்ளை பெயரில் கட்டி ரசீதை வாங்கி வைப்பார். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து போட்டோ எடுக்கிற பழக்கம் கிடையாது, படித்து முடித்தால் கம்பெனிக்கு வேலைக்கு வரணும் என்ற பேச்சும் கிடையாது. எங்களுக்கு அதில்தான் அவர் மேல் மரியாதை அதிகம்.

சிலை வைக்கலாம், பாக்கெட்டில் படம் போடலாம் என்றெல்லாம் அன்போடு சொன்னீர்கள். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி உங்களுக்குத் தெரியும், 1895இல் கல்லூரியானது. அந்த அம்மா இங்கிலாந்தில் இருந்தவர், நம் சீமையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் இறந்த பிறகு நண்பர்கள் திரட்டி அனுப்பிய பணத்தில்தான் பாளையங்கோட்டையில் அவர் பெயரில் பெண்களுக்குப் பள்ளி எழுந்தது, எத்தனை தலைமுறை நெல்லைப் பெண்கள் அதில் படித்து வந்துவிட்டார்கள்! நாங்கள் அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை, ஆனால் ஆச்சிக்கும் அதுபோல படிப்புதான் நினைவாக இருக்கணும், படம் வேண்டாம்.

அதனால் கல்யாண ஆர்டர் கணக்கு அப்படியே தொடரும். இதற்காக அப்பள விலையில் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை, ஏற்றவும் மாட்டோம். தனியாக உதவி செய்தே ஆகணும் என்பவர்கள், உங்கள் தெருவில் படிக்கிற பிள்ளையின் காலேஜிலேயே நேராகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இடம் கிடைத்தும் பணத்துக்குத் திணறுகிற பிள்ளை யாராவது தெரிந்தால், அட்மிஷன் கடிதத்தோடு கடைக்கு அனுப்பி வையுங்கள், சிபாரிசு எதுவும் தேவையில்லை. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றுக்கும் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே இ-சேவை மையத்தில் மனுப் போடச் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் அலைகிற அலைச்சல் கொஞ்சமில்லை.

வைகாசி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆச்சி இருந்தபோது போலவே பத்து நாள் முன்னால் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆச்சி வீட்டாரும் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களும்