ஆறு கிலோவைத் தாங்கும் கால்கள்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தியையும், பழைய 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை நீ வாங்கிவிட்ட செய்தியையும் ஒரே பத்தியில் எழுதியிருந்தாய். எதில் உனக்கு மகிழ்ச்சி அதிகம் என்பது எழுத்திலேயே தெரிகிறது என்று என் மனைவி சிரித்தார். இங்கே யாவரும் நலம். மகனுக்குத் தோ பாயோவில் வீடு கிடைத்துவிட்டது. என் முழங்கால் மட்டும் படியிறங்கும்போது பட்டறைக் காலத்தை நினைவூட்டுகிறது. நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பதில் ஓரிரு வரிகளில் அடங்காது.

இருபது கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்ட கேமரா முக்காலி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. செம்பவாங் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கியின் கொக்கியில் பொறித்திருந்த சுமை அளவை நாம் தயக்கமின்றி நம்பினோம், ஏனெனில் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சோதனையும் ஒரு சான்றிதழும் இருந்தன. முக்காலிப் பெட்டியில் இருக்கும் எண்ணுக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவுகோல் எதுவும் இல்லை. அவரவர் தமக்குப் பட்ட முறையில் அளந்து போட்டுக்கொள்கிறார்கள். அப்படியே அந்த எண் உண்மையாக இருந்தாலும், கால் ஒடியாது, பூட்டு வழுக்காது என்பதைத்தான் அது சொல்லும். சுமை ஆடாமல் நிற்குமா என்பதைச் சொல்லாது. நமக்கு வேண்டியது இரண்டாவது விடை.

ஆட்டம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் படம் கெடும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன், உனக்குக் கணக்குப் பிடிக்கும். நீ வாங்கியிருப்பது கேனான் நிறுவனம் 1999-இல் வெளியிட்ட முதல் ஐஎஸ் (கைநடுக்கத்தைச் சரிசெய்யும்) வகை, எடை 5.36 கிலோ, நீளம் 456 மில்லிமீட்டர். (2018-இல் வந்த மூன்றாம் வகை 3.05 கிலோதான், அதன் விலையைக் கேட்டால் நமக்கு எடை ஏறிவிடும்.) அதன் பின்னால் நீ மாட்டப்போகும் ஆர்5 கேமராவில் ஒரு படப்புள்ளியின் (பிக்சல்) அகலம் ஏறத்தாழ 4.4 மைக்ரோமீட்டர். 600 மில்லிமீட்டர் குவியத்தூரத்தில் அந்த ஒரு புள்ளி பார்க்கும் கோணம், ஒரு பாகையை 2400 கூறாக வெட்டினால் அதில் ஒரு கூறு. அதாவது லென்ஸின் ஒரு முனை மறுமுனையைவிட ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு நகர்ந்தாலே படம் ஒரு புள்ளி அளவுக்கு இடம்பெயர்ந்துவிடும். நாம் மைக்ரோமீட்டர் கருவியை வைத்துத் தண்டுகளை அளந்தபோதுகூட இவ்வளவு நுட்பம் தேவைப்பட்டதில்லை.

ஆகவே முதலில் கால்களைப் பார். குழாயின் சுவர்த் தடிமன் மாறாமல் விட்டம் மட்டும் கூடினால், வளைவை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப ஏறும் என்பது உனக்குத் தெரியும். 28 மில்லிமீட்டர் குழாயை விட்டு 37 மில்லிமீட்டர் குழாய்க்குப் போனால் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. எடை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. நீளம் எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது: காலை நீட்ட நீட்ட அதே மும்மடிக் கணக்கில் வளைவு கூடுகிறது. இதனால்தான் நான்கு பகுதிக் கால்களைவிட மூன்று பகுதிக் கால்களை நான் விரும்புகிறேன். ஒவ்வொரு பகுதியும் மேலே உள்ளதைவிடச் சில மில்லிமீட்டர் மெலிந்துகொண்டே போவதால், நான்காவது பகுதி கரண்டிக்காம்பு போலாகி, மேலே கொடுத்த காசையெல்லாம் கீழே வீணாக்கிவிடுகிறது. மடித்தால் நீளமாக இருக்கிறது என்று எம்ஆர்டி ரயிலில் ஒருவர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

மேல் குழாய் 36 அல்லது 37 மில்லிமீட்டருக்குக் குறையாத கார்பன் ஃபைபர் கால்களைத் தேடு. 1917-இல் பிரான்சில் தொடங்கிய கிட்ஸோ நிறுவனந்தான் 1994-இல் கார்பன் ஃபைபர் முக்காலியை முதலில் கொண்டுவந்தது. அவர்களுடைய சிஸ்டமேட்டிக் வரிசையில் ஐந்தாம் எண் வகை உன் லென்ஸுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். அமெரிக்காவின் ரியலி ரைட் ஸ்டஃப் அதற்குச் சளைத்ததன்று, விலையிலும் சளைத்ததன்று. தைவானின் ஃபைசோலும் சீனாவின் லியோஃபோட்டோவும் அவற்றைவிடக் குறைந்த விலையில் தடித்த குழாய்களைத் தருகின்றன. உன் இடத்தில் நான் இருந்தால் இவ்விரண்டில் ஒன்றைத்தான் வாங்குவேன். அலுமினியமும் விறைப்பானதே, ஆனால் அதே விறைப்புக்கு எடை கூடும், சதுப்புநில உப்புநீரில் அரிக்கவும் செய்யும்.

கால்களுக்கு நடுவே ஏறி இறங்கும் நடுத்தண்டு வேண்டவே வேண்டாம். மூன்று கால்களால் கிடைத்த உறுதியை ஒற்றைக் குழாயின் உச்சியில் கொண்டுபோய்த் தொலைக்கும் ஏற்பாடு அது. நடுத்தண்டுக்குப் பதிலாகத் தட்டையான அடித்தளமோ, மட்டம் சரிசெய்யும் கிண்ணமோ பொருந்திய வகையைக் கேள். உயரத்தைப் பொறுத்தவரை, கிம்பல் தலையும் (லென்ஸைத் தொங்கவிட்டுத் தாங்கும் மேற்பகுதி) கேமராவும் சேர்ந்து இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். ஆகவே நம் உயரத்தினருக்குக் கால்கள் மட்டும் 130 சென்டிமீட்டர் எழுந்தால் சமதரைக்குப் போதும்; சரிவில் ஒரு காலை இறக்கி வைக்க இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது.

இனித் தலை. உன்னிடம் உள்ள பால் ஹெட்டை (பந்துமூட்டுத் தலையை) இதற்குப் பயன்படுத்தாதே. அது தரமானதுதான், நிலக்காட்சிக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் பந்தின் மேல் ஆறு கிலோவுக்கும் மேற்பட்ட சுமை நிற்கும்போது அதன் எடைமையம் எப்போதும் பந்துக்கு மேலேயே இருக்கிறது. பிடியைத் தளர்த்திய மறுகணம் லென்ஸ் ஒரு பக்கம் சாயும், விரல் நடுவில் இருந்தால் விரலும் நசுங்கும். கிம்பல் தலையில் லென்ஸ் தொங்குகிறது. கிடைமட்ட அச்சும் செங்குத்து அச்சும் சந்திக்கும் இடத்தில் எடைமையத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டால், எந்தப் பூட்டும் போடாமலேயே, விட்ட கோணத்தில் லென்ஸ் அப்படியே நிற்கும். கடற்கழுகு தலைக்கு மேலே போனாலும் ஒரு விரலால் தள்ளிக்கொண்டு போகலாம்.

அந்தச் சமநிலையைப் பலர் பாதியோடு விட்டுவிடுகிறார்கள். லென்ஸின் அடியில் உள்ள தகட்டை முன்பின்னாக நகர்த்தி லென்ஸ் படுக்கைவாட்டத்தில் நின்றதும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நீ அதன்பின் முனையை 45 பாகை உயர்த்திக் கையை எடுத்துப் பார். அது மேலும் சாய்ந்தால் எடைமையம் அச்சுக்கு மேலே இருக்கிறது, லென்ஸைத் தாங்கும் தொட்டிலை இறக்க வேண்டும். தானாகவே மட்டத்துக்குத் திரும்பினால் மிகக் கீழே தொங்குகிறது, ஏற்ற வேண்டும். விட்ட இடத்தில் நின்றால்தான் சரி. கேமரா உடலையோ, அதற்கும் லென்ஸுக்கும் நடுவே வரும் இடைவளையத்தையோ மாற்றினால் மீண்டும் பார்க்க வேண்டும். பழகிய பின் தகட்டில் ஒரு சிறு கோடு போட்டுக்கொண்டால் இருட்டிலும் மாட்டலாம். வர்ஜீனியாவின் விம்பர்லி நிறுவனத்தின் டபிள்யூஎச்-200 இந்த வகையில் பலரும் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் தலை, எடை ஏறத்தாழ 1.4 கிலோ. காணொளியே உன் முதன்மை நோக்கமென்றால் உள்ளே திரவம் நிரப்பிய ஃபுளூயிட் ஹெட் வாங்கு. அதன் சீரான எதிர்ப்பு கிம்பலில் வராது. இருவாச்சி கூட்டுக்கு உணவு கொண்டுவரும் காட்சிக்கு அது அருமை, பாயும் மீன்கொத்திக்குக் கிம்பலே மேல்.

லென்ஸின் அடிப்பாதத்தில் பூட்டும் தகட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் ஆட்டம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. ஒற்றைத் திருகில் நிற்கும் குட்டைத் தகடு முறுக்குக்குத் தாங்காது. இரண்டு திருகுகள் இறங்கும் நீளமான தகடு வாங்கு, இரு முனையிலும் நழுவாமல் தடுக்கும் சிறு திருகுகள் இருக்கின்றனவா என்று பார். ஆர்கா-ஸ்விஸ் வகை டவ்டெயில் (சரிந்த விளிம்புள்ள பொருத்து) என்று எல்லாரும் சொல்லிக்கொண்டாலும் அகலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் மயிரிழை வேறுபாடு உண்டு. தகட்டைக் கவ்வும் பிடியில், நெம்புகோல் வைத்த வகை ஒரே அளவுக்குத்தான் இறுகும். அதில் வேற்று நிறுவனத் தகட்டைப் போட்டால் இறுகியதுபோல் தோன்றி ஆடும். திருகுப் பிடி எந்தத் தகட்டையும் கவ்வும். இத்தனை எடைக்கு நான் திருகையே நம்புவேன்.

கடையில் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். நவம்பரில் நீ வரும்போது பெனின்சுலா பிளாசாவுக்குப் போவோம். அங்கும் அதன் அருகிலும் கேமராக் கடைகள் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உன் லென்ஸைக் கட்டாயம் எடுத்து வா. கால்களை முழுதும் நீட்டி, தலையை மாட்டி, லென்ஸை ஏற்றி, தாழ்வாரத்தின் மறுகோடியில் உள்ள ஏதாவது ஒரு பெயர்ப்பலகையின் எழுத்தைத் திரையில் பெரிதாக்கி வைப்போம். பிறகு லென்ஸின் நிழல்மூடியை விரல் நுனியால் ஒருமுறை தட்டு. எழுத்து துடித்து அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார். நல்ல கால்களில் சட்டென்று அடங்கும். மோசமானவற்றில் எழுத்து நீரில் மிதப்பதுபோல் அசைந்துகொண்டே இருக்கும். அடுத்து, மேல்தளத்தை இரு கைகளாலும் பற்றி இடவலமாக முறுக்கிப் பார். மூட்டுகளில் தளர்ச்சி இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

வரிக் கணக்கையும் பார்த்துவிடு. இங்கே பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. சுற்றுப்பயணியாக வரும் உனக்கு விமானத்தில் திரும்பினால் அதைத் திரும்பப் பெறும் வழி உண்டு. வுட்லண்ட்ஸ் வழியாகப் பேருந்தில் போனால் கிடைக்காது. முக்காலியை ஏந்திக்கொண்டு சோதனைச்சாவடி வரிசையில் நிற்பதைவிட, விமானத்தில் போவதே உனக்கு எல்லா வகையிலும் நல்லது.

வாங்கிய பிறகு அதை எங்கே நிறுத்துகிறாய் என்பதும் வாங்கியதற்குச் சமமான விஷயம். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும். கடல் ஏறும் நேரத்தில் வெளியே சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடுவதால், முன்பு இறால் பண்ணைகளாக இருந்த குளங்களுக்கு உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கூட்டமாக ஒதுங்கும். ஆகவே ஓத நேர அட்டவணையைப் பார்த்தே போக வேண்டும். ஆனால் அங்கே சதுப்புநிலத்தின் மேலே பலகைப் பாதைகள் உண்டு, பலகை எந்த முக்காலியையும் தோற்கடிக்கும். இருபது அடி தள்ளி ஒரு குழந்தை ஓடினாலும் உன் படத்தில் தெரியும். பலகைகளின் மேல் திருகுத் தலைகள் வரிசையாகத் தெரிகின்றன அல்லவா, அவற்றுக்குக் கீழேதான் தாங்கு சட்டம் ஓடுகிறது. கால்களை அந்த வரிசையின் மேலேயே ஊன்று. இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஊன்றினால் பலகை வில்லாக வேலை செய்யும். இரும்பு முனைகளை அங்கே வெளியே எடுக்காதே, ரப்பர் பாதமே போதும், மரத்தையும் காக்கும். கால்களைப் பாதையின் குறுக்கே விரித்துவிடாமல் ஒன்றைக் கம்பிவேலிப் பக்கம் வைத்தால் நடப்பவர்களுக்கும் வழி கிடைக்கும்.

நடை ஓயும் வரை காத்திருப்பதும், 1/15 நொடி முதல் 1/60 நொடி வரையிலான மெதுவான வேகங்களில் மின்னணு ஷட்டரைப் பயன்படுத்துவதும் நல்ல வழக்கம். அந்த வேகங்களில்தான் இயந்திர ஷட்டரின் அதிர்வு படத்தில் அதிகம் தெரிகிறது. வேகமாகப் பறப்பவற்றுக்கு மின்னணு ஷட்டர் சிறகை வளைத்துக் காட்டிவிடும் என்பதால் அங்கே இயந்திர ஷட்டருக்குத் திரும்பிவிடு. இடது உள்ளங்கையை லென்ஸின் மேல் அடிப்பாதத்துக்கு நேராக அழுத்தி வைத்து, கண்ணைக் கேமராவின் காட்சிக்குழிமேல் (வியூஃபைண்டர்) ஊன்றி எடுப்பதால் அதிர்வு கையில் அடங்கும். முக்காலியின் கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். காற்றில் பை ஊசலாடினால் அதுவே ஆட்டத்துக்குக் காரணமாகிவிடும். தொங்கவிடுவதானால் பையின் அடி தரையைத் தொடட்டும்.

வீட்டுக்கு வந்ததும் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவு. சுற்றிப் பூட்டும் வகையில் மரைக்குள் நுண்ணிய சேறு புகுந்தால் அடுத்த முறை திருகும்போதே நறநறவென்று சொல்லும். நான் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் நடைபாதையில் பகுதி பகுதியாகக் காயவைப்பேன். எதிர்வீட்டுக்காரர் ஏதோ குழாய் வேலை நடக்கிறது என்று நினைத்துத் தம் வீட்டுக் கசிவுக்கும் ஆலோசனை கேட்டார். லென்ஸுக்கு உலர்பெட்டி கட்டாயம் வேண்டும், இந்த ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்க நெடுநாள் ஆகாது. ஈப்போவிலும் அப்படித்தானே.

வரும் தேதியை முன்கூட்டியே எழுது. அதற்கு ஏற்ப ஓத நேரம் பார்த்துக் காலையா மாலையா என்று முடிவு செய்கிறேன். லென்ஸின் அடிப்பாதத்தில் எத்தனை திருகுத்துளைகள் உள்ளன, அவற்றுக்கிடையே எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து அனுப்பு. தகட்டை இங்கேயே முன்னதாகப் பார்த்து வைத்துவிடலாம்.

தங்கைக்கும் பேத்திக்கும் எங்கள் அன்பு.

உன் நண்பன்